கிளிப் படமும் மாதுளைக் கைலியும்

புதிதாகக் கைலி டிசைன் வேலைக்கு வந்திருக்கும் தம்பிமார்களுக்கு,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். ஒரு வரியைத் தொடங்கினால் தாளின் அந்த ஓரம் போய்ச் சேருவதற்குள் அது பாதி இறக்கம் இறங்கிவிடும். எந்த இடத்தில் எந்த றகரம் வரும் என்பது இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. கணக்குப்பிள்ளை ஒருமுறை படித்துப் பிழை திருத்தித் தருகிறேன் என்று சொன்ன பிறகுதான் பேனாவையே தொட்டேன். நீங்கள் என்னை நேரில் வந்து பேசச் சொன்னீர்கள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை.

கருநீல நூலையும் கறுப்பு நூலையும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தும் பிரித்துச் சொல்ல முடியாமல் போனது ஒருநாள். அன்றைக்கே முதலாளியிடம் சொல்லிவிட்டு வேலையிலிருந்து நின்றுகொண்டேன். அதில் எனக்கு வருத்தம் அதிகம் இல்லை. கண் போன டிசைன்காரன் வேலையில் இருந்தால் அவனால் பாதிக்கப்படுவது நெசவாளியும் சாயக்காரரும்தான். அப்படி ஒரு பாதிப்பு கண் நன்றாக இருந்த காலத்திலேயே வரப் பார்த்தது. அதைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் கட்டத்தாளில் கலர் பென்சிலால் போட்டுப் பார்க்கிறீர்கள். நல்ல முறை. நான் பனைமட்டைச் சிம்பில் நூலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தவன். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம், எத்தனை இழை என்பது இரண்டிலும் தெரிந்துவிடும். தெரியாமல் போவது ஒன்று உண்டு. நெய்து முடித்த துணியின் மேல் இன்னொரு பொருள் வந்து உட்காரும்போது துணி என்னவாக மாறும் என்பது தெரியாது. நம் தொழிலில் அப்படி வந்து உட்காருவது மார்க் படம்.

நம் கைலி கொழும்புக்கும் பினாங்குக்கும் போகிறது. அங்கே வாங்குகிறவர்களில் பலர் எழுத்துக் கூட்டிப் படிக்க மாட்டார்கள். கடையில் வந்து நின்று, கப்பல் கைலி கொடு, பிறைக் கைலி கொடு என்றுதான் கேட்பார்கள். மடித்த கைலியின் முகப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டியிருக்கும் அந்தப் படம்தான் அவர்களுக்குப் பெயர், ஊர், நம்பிக்கை எல்லாம். எந்தக் கட்டத்துக்கு எந்தப் படம் என்று ஜோடி சேர்ப்பது அந்தக் காலத்தில் முதலாளியின் வேலையாக இருந்தது. டிசைன்காரனைக் கேட்கிற வழக்கம் இல்லை. எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

கீழக்கரையில் நான் வேலை பார்த்த, சரக்கு அடுக்கி வைக்கும் கிட்டங்கியும் முதலாளியின் வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவை. சுவரின் நடுவில் ஒரு கதவு. அதற்கு அந்தப் பக்கம் பெண்கள் புழங்கும் இடம். நாங்கள் அங்கே போகக் கூடாது, அவர்கள் இந்தப் பக்கம் வர மாட்டார்கள். ஆனால் அந்தக் கதவுக்குள் போய்வராமல் எந்தப் புது டிசைனும் தறிக்குப் போனதில்லை. முதலாளியின் மனைவி பார்த்துச் சொல்ல வேண்டும். வீட்டு வேலை பார்க்கும் மைமூன் மாதிரித் துணியை வாங்கிக்கொண்டு உள்ளே போவாள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வரும்.

“டிசைன்காரரே, இந்த மஞ்சக் கோட்டுக்கு என்ன அவசரம்? கட்டத்தை விட்டுட்டு ஓடுது.”

“சரிம்மா.”

“சரின்னா? கொறைக்கிறீங்களா, இல்ல ஓடட்டும்னு விடுறீங்களா?”

“கொறைச்சிடுறேம்மா.”

எங்கள் பேச்சு எப்போதும் இவ்வளவுதான். அந்த அம்மா என்னைவிட வயதில் இளையவர். முகத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அவர் சொன்ன பிறகு அந்த மஞ்சள் கோட்டைப் பார்த்தால், உண்மையிலேயே ஓடுவது போலத்தான் இருக்கும்.

அந்த வீட்டில் இன்னொரு முறையும் இருந்தது. தொழுகிற வீட்டுக்குள் உயிருள்ளவற்றின் படம் போகக் கூடாது. கப்பல் படமும் பிறைப் படமும் தென்னை மரமும் போகலாம். யானை, மயில் போட்ட கைலி ஏதாவது உள்ளே போக வேண்டியிருந்தால், மைமூன் வாசலிலேயே படத்தை உரித்துக் கதவு நிலையில் ஒட்டிவிட்டுத் துணியை மட்டும் கொண்டுபோவாள். திரும்பி வரும்போது மறுபடி எடுத்து ஒட்டிக் கொடுப்பாள். நாங்கள் யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. அந்த முறை இல்லாதிருந்தால் ஒரு நல்ல மனிதனின் பிழைப்பு போயிருக்கும்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மழை பொய்த்துக் கண்மாய்கள் எல்லாம் வெடித்துக் கிடந்த நேரம். அப்போது நான் இரண்டு டிசைன்கள் போட்டிருந்தேன்.

ஒன்று, மண்டபம் கரையில் கண்டெடுத்தது. வலை மக்கிப் போகாமல் இருக்கப் பனிச்சங்காய்ச் சாற்றில் முக்கிக் காயப்போடுவார்கள். ஈரம் முழுதும் காயாத வலை ஒன்று கம்பில் தொங்கியது. மாதுளம்பழத்தின் தோல் மாதிரி ஒரு சிவப்பு. அதன் கண்கள் வழியாகப் பின்னால் கடல் கரும்பச்சையாகத் தெரிந்தது. சிவப்புத் தளத்தில் பச்சை இழை ஓடும் கட்டமாக அதைப் போட்டேன். உள்ளே போய்த் திரும்பி வந்தபோது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குறையும் வரவில்லை. “இது இருக்கட்டும்” என்று மட்டும் குரல் வந்தது. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இரண்டாவது, பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும்போது பார்த்தது. வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறம். நடுவே எங்கோ ஒரு வெள்ளைக் கோடு. அதைப் போட்டபோது முதலாளி, “என்னப்பா இது, மௌத்து வீட்டுக்கு உடுத்திட்டுப் போறதுக்கா?” என்றார். சாவு வீட்டுத் துணி மாதிரி இருக்கிறதாம். அவர் மனைவி பரவாயில்லை என்று சொன்னதால் கொஞ்சம் நெய்தார்கள். விற்கவில்லை. சாம்பக் கைலி என்று பெயர் வைத்துக் கிட்டங்கியின் கடைசி அடுக்கில் போட்டுவிட்டார்கள். சரக்கைச் சிப்பம் கட்டுகிறவர்கள் மதியம் அதன் மேல்தான் தலை வைத்துப் படுப்பார்கள்.

மாதுளைக் கைலிக்குத் தகுந்த படம் வேண்டும் என்று முதலாளி சிவகாசி வரை போனார். ஒரு கிளிப் படத்தோடு திரும்பினார். இலைப்பச்சை உடம்பு, செம்பருத்திச் சிவப்பில் மூக்கு, அதே சிவப்பில் சுற்றிலும் பூக்கள், வெளியே மஞ்சள் கரை. அச்சு அவ்வளவு துல்லியம். ஒரு படத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தவர்களிடம் எல்லாம் காட்டினார்.

“மூக்கைப் பாருப்பா. வெரலை நீட்டுனா கொத்திரும்.”

எனக்கும் அது பிடித்திருந்தது.

தறியிலிருந்து சரக்கு வந்து சேர்ந்த அன்று காலையிலேயே படம் ஒட்டத் தொடங்கிவிட்டார்கள். சாயங்காலம் லாரியில் மண்டபம் போய், மறுநாள் தனுஷ்கோடியில் கப்பல் ஏற வேண்டும். ஏற்றுமதிப் பர்மிட் முடிய நாள் அதிகம் இல்லை. முதலாளி மதியம் லுஹர் தொழுதுவிட்டுக் கிட்டங்கிக்கு வந்தார். ஒட்டி அடுக்கியிருந்த கைலிகளைப் பார்த்தபடி நின்றார்.

“யாருப்பா இந்தப் பழைய சரக்கை எடுத்து வெளியே போட்டது?”

“புதுசுதான் மொதலாளி. காலையில வந்தது” என்றார்கள் சிப்பம் கட்டுகிறவர்கள்.

“புதுசா? கருவாட்டுக் கூடையில போட்டு எடுத்த மாதிரில்ல இருக்கு.”

நானும் வந்து பார்த்தேன். அவர் சொன்னது பொய்யில்லை. அடுக்கு முழுவதும் செத்த பழுப்பாகக் கிடந்தது. காலையில் கட்டுப் பிரிக்கும்போது நான் பார்த்த சிவப்பு இல்லை. முதலாளி அலமாரியைத் திறந்து நான் முதலில் கொடுத்த மாதிரித் துணியை எடுத்து வரச் சொன்னார். அதை அடுக்குக்குப் பக்கத்தில் விரித்தார்கள். மாதிரி மாதுளையாக இருந்தது. சரக்கு பழுப்பாக இருந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நூலுக்குச் சாயம் போட்டது கருப்பையா. அவர் அன்றைக்கு அடுத்த நூல் சிட்டங்களை வாங்கிப் போக வண்டியோடு வந்து வாசலில் நின்றிருந்தார். நம் கரையோரக் கிணறுகளின் உப்புத் தண்ணீரில் சாயம் முக்கினால் நிறம் செத்துவிடும். கருப்பையாவுக்கு ஊருக்கு மேற்கே கண்மாய்க்கரையில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தது. நூலை அங்கே வண்டியேற்றிக் கொண்டுபோய்ச் சாயம் போட்டு வருவார். எங்கே போனாலும் அந்தக் கிணற்றுத் தண்ணீர் ஒரு மண்கலயத்தில் அவர் வண்டியிலேயே இருக்கும். “ஒங்க ஊருத் தண்ணியில சோறு வடிச்சா உப்புச் செலவு மிச்சம்” என்று எங்களைக் கேலி செய்வார்.

முதலாளி அவரை உள்ளே கூப்பிட்டார்.

“கருப்பையா, எந்தக் கெணத்துல முக்குனே?”

“கண்மாக்கரைக் கெணறுதான் மொதலாளி. வேற ஏது?”

“கண்மாயே வறண்டு கெடக்கு. கெணத்துல மட்டும் தண்ணி கெடந்துச்சாக்கும்.”

“அடியில கெடந்துச்சு. எறங்கி மோந்தேன்.”

“எறங்கி மோந்தியோ, பக்கத்துல உப்புக் கெணத்துல எறச்சியோ. எவன் கண்டான்?”

கருப்பையா வண்டிக்குப் போய்க் கலயத்தை எடுத்து வந்து முதலாளி முன்னால் நீட்டினார்.

“இந்தத் தண்ணிதான். குடிச்சுப் பாருங்க. கரிச்சா என்னைச் செருப்பால அடிங்க.”

“கலயத்துத் தண்ணிக்கும் தொட்டித் தண்ணிக்கும் என்னப்பா சம்பந்தம்? வை அங்கன.”

அவர் கலயத்தைக் கீழே வைத்தார். உப்புத் தண்ணீரில் முக்கினான் என்று ஒரு கிட்டங்கியில் பேச்சு வந்துவிட்டால், நம் கரையில் வேறு எந்தக் கிட்டங்கியும் அந்தச் சாயக்காரருக்கு ஒரு சிட்டம் நூல் கொடுக்காது. அது அவருக்கும் தெரியும், அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

அப்போது முதலாளி என் பக்கம் திரும்பினார்.

“முனியசாமி, நீதான டிசைன் போட்டவன். சொல்லு. ரெண்டும் ஒரே சாயமா?”

தம்பிமார்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இது உங்களுக்கும் வரும். என் கண் பழுப்பு என்று சொல்கிறது. கருப்பையாவோடு பழகிய எனக்கு அவர் அப்படிச் செய்ய மாட்டார் என்று தெரிகிறது. ஒரே சாயம்தான் என்று சொன்னால் கண்ணுக்கு முன்னால் இருப்பதை மறுக்கிறேன். இல்லை என்று சொன்னால் அந்த ஒரு வார்த்தையில் அவர் கதை முடிகிறது. காலையில் கட்டுப் பிரிக்கும்போது சிவப்பாக இருந்தது என்று சொல்ல வாய் வரை வந்தது. அது சரியாகப் பார்த்ததுதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டதால் விழுங்கிவிட்டேன். எல்லாரும் என் வாயையே பார்க்கிறார்கள்.

“வெளிச்சம் பாக்கணும் மொதலாளி” என்றேன்.

“என்ன வெளிச்சம்? மத்தியான வெயிலு பத்தலையா?”

“நெழல்லயும் பாத்துடுறேன். கொஞ்சம் பொறுங்க.”

புத்திசாலித்தனமாக யோசித்துச் சொன்னது இல்லை. ஆளைத் தீர்க்கிற வார்த்தையைச் சொல்வதைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போட்டேன், அவ்வளவுதான். பின்னால் யோசித்துப் பார்த்தால், அன்றைக்கு நான் செய்த காரியங்களில் அதுதான் பெரியது. கண் ஒன்றும் மனசு ஒன்றும் சொல்லும்போது உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். அவகாசம் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். வெட்கத்துக்குப் பேர்போன நானே கேட்டிருக்கிறேன்.

ஒரு கைலியை எடுத்துக்கொண்டு நிழலுக்குப் போனேன். பழுப்பாகவே இருந்தது. வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்துப் பார்த்தேன். சாயம் ஒட்டவில்லை, கெட்டிச் சாயம்தான். ஆனால் சாயம் நிற்கிறதா என்பது வேறு, நிறம் சரியா என்பது வேறு. முதலாளி பொறுமை இழந்துவிட்டார்.

“மைமூனைக் கூப்பிடு. உள்ள கொண்டுபோய்க் காட்டட்டும். எங்க வீட்டுல பாத்துச் சொன்னா இவனுகளுக்குத் திருப்தி.”

மைமூன் வந்தாள். அடுக்கின் மேலிருந்து ஒரு கைலியை எடுத்தாள். பசை இன்னும் ஈரமாக இருந்ததால் கிளிப் படம் சுலபமாக உரிந்து வந்தது. வழக்கம்போல அதைக் கதவு நிலையில் ஒட்டிவிட்டு உள்ளே போனாள். கருப்பையா கிட்டங்கியின் படியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குரல் வந்தது.

“எதுக்கு இதை மறுபடி அனுப்புனீங்க? இது நான் போன தடவை பாத்த துணிதானே.”

“நல்லாப் பாரு” என்றார் முதலாளி. “நிறம் செத்துப்போச்சு.”

“எங்க செத்துச்சு? நல்லா உசுரோடதான் இருக்கு.”

“உள்ள இருட்டுல உனக்கு என்ன தெரியும்?”

“இருட்டா? முத்தத்துல வெயிலு கொட்டுது. அந்த மாதிரியையும் குடுத்து விடுங்க.”

மாதிரித் துணியும் உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் உள்ளே சிரிப்புக் கேட்டது.

“ரெண்டையும் மடியில போட்டுப் பாத்தேன். எது மாதிரி, எது சரக்குன்னு இப்பத் தெரியல. மைமூனுக்கும் தெரியல. நீங்களே வந்து பிரிச்சுக்கங்க.”

முதலாளிக்கு முகம் சுருங்கியது. பெண்கள் விளையாடுகிறார்கள் என்று நினைத்தார். மைமூன் இரண்டு துணிகளையும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். வாங்கிப் பார்த்தேன். இரண்டும் மாதுளையாக இருந்தன. வாசலைத் தாண்டியதும் பழுப்பு சிவப்பாகிவிட்டதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டையும் அந்த அடுக்கின் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் சிவப்பு, அடுக்கு பழுப்பு.

கதவு நிலையில் ஒட்டியிருந்த கிளி அப்போதுதான் என் கண்ணில் பட்டது. சுண்ணாம்பு அடித்த மரத்தின் மேல் அது தீ மாதிரி எரிந்துகொண்டிருந்தது. மைமூன் அதை உரித்தெடுத்து மறுபடி ஒட்டுவதற்காக என்னிடம் நீட்டினாள். வாங்கி, உள்ளே போய்வந்த கைலியின் மேல் வைத்தேன். என் கண் முன்னால் துணி பழுப்பாகியது. எடுத்தேன். சிவந்தது. வைத்தேன். பழுப்பானது.

அந்தச் செம்பருத்திச் சிவப்புத்தான் காரணம். நான் போட்ட மாதுளை, சிவப்புக்கும் பழுப்புக்கும் நடு வரப்பில் நிற்கிற நிறம். தனியாக விட்டால் சிவப்புப் பக்கம் சாய்ந்து நிற்கும். பக்கத்தில் தன்னைவிடக் கொழுந்து விட்டெரியும் சிவப்பு வந்துவிட்டால், கண் அதைத்தான் சிவப்பு என்று எடுத்துக்கொள்கிறது. மாதுளையைப் பழுப்புப் பக்கம் தள்ளிவிடுகிறது. துணியும் மாறவில்லை, சாயமும் மாறவில்லை. அவற்றின் மேல் வந்து உட்கார்ந்ததுதான் மாற்றிக் காட்டுகிறது.

இதை வாயால் சொல்ல வேண்டுமே. முதலாளி ஆசை ஆசையாகச் சிவகாசி போய்க் கொண்டுவந்த படம். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிற படம். அடுக்கின் முன்னால் போய் நின்று, மேலே இருந்த கைலியின் கிளியை உள்ளங்கையால் மூடினேன்.

“மொதலாளி, இதைப் பாருங்க.”

பார்த்தார். கையை எடுத்தேன். மறுபடி மூடினேன். அடுத்த கைலியிலும் அப்படியே செய்தேன். முதலாளி என் கையைத் தள்ளிவிட்டுத் தன் கையால் மூடிப் பார்த்தார். எடுத்தார். மூடினார். சிப்பம் கட்டுகிறவர்களும் வந்து ஆளுக்கு ஒரு கிளியை மூடிப் பார்த்தார்கள்.

“படத்துல என்னப்பா குத்தம்?” என்றார் முதலாளி கடைசியில். குரல் இறங்கிப்போயிருந்தது.

கதவுக்குப் பின்னாலிருந்து கேள்வி வந்தது.

“மைமூன், அந்தக் கிளிக்கு மூக்கு என்ன செவப்பு?”

“செம்பருத்திச் செவப்பு.”

“சுத்திப் பூவும் அப்படியா?”

“பூவும் அப்படித்தான்.”

“அப்பக் கிளி மேல குத்தம் இல்ல. கல்யாண வீட்டுல கழுத்து நெறைய நகை போட்டவ பக்கத்துல வந்து உக்காந்தா, நம்ம கழுத்து வெறுங்கழுத்தா ஆயிரும்ல. அதுதான். நம்ம நகை எங்கயும் போயிரல. எந்திரிச்சு வேற எடத்துல உக்காந்தாப் போச்சு.”

படத்தைக் கண்ணால் பார்க்காமலே அந்த அம்மா சொன்னார். எத்தனையோ வருஷம் நூல் சுற்றியும் எனக்குப் புரியாதது அந்த ஒரு பேச்சில் புரிந்தது.

ஆனால் லாரி சாயங்காலம் வந்துவிடும். கிளியை எடுத்துவிட்டு எதை ஒட்டுவது? முதலில் கிளிக்கும் துணிக்கும் நடுவே வெள்ளைத் தாளைக் கரையாக வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் தேறியது, போதவில்லை. மஞ்சள் தாள் வைத்தேன், இன்னும் மோசமானது. முதலாளி பக்கத்திலேயே நின்றார். அப்போது பழைய கப்பல் படம் நினைவுக்கு வந்தது. ஒரே நீல மையில் அச்சடித்த சாதாரணப் படம். புது அச்சு வந்த பிறகு அலமாரிக்கு மேல் தூசி படிந்து கிடந்தது. ஒன்றை எடுத்து வைத்தேன். நீலத்துக்குப் பக்கத்தில் மாதுளை எழுந்து நின்றது. மாதிரியில் இருந்ததைவிடச் சிவப்பாகவே தெரிந்தது. கப்பல் படம் கிளிப் படத்தைவிடக் கொஞ்சம் பெரிது. கிளியை உரித்த இடத்தில் பசைத் தடம் இருந்தாலும் மறைந்துவிடும்.

“கப்பல் படம் ஏற்கெனவே நீலக் கைலிக்குப் போற மார்க் ஆச்சே” என்றார் முதலாளி.

“நீலக் கப்பல், செவப்புக் கப்பல்னு கேட்டு வாங்கட்டும் மொதலாளி” என்றார் சிப்பம் கட்டுகிறவர்களில் ஒருவர்.

“அப்ப என் கிளி?”

அதைக் கேட்டபோது அவர் பெரிய முதலாளி மாதிரி இல்லை. எனக்கே பாவமாக இருந்தது. வைத்துப் பார்க்க வேறு எந்தக் கைலி இருக்கிறது என்று சுற்றிலும் தேடினேன். கடைசி அடுக்கிலிருந்து ஒரு சாம்பல் கைலியை உருவி வந்து கிளியை அதன் மேல் வைத்தேன். சாம்பலுக்குச் சண்டை போட நிறம் இல்லை. கிளி அதன் மேல் நன்றாக உட்கார்ந்துகொண்டது. கிளியின் சிவப்புக்குப் பக்கத்தில் அந்தச் சாம்பலும் லேசாக நீலம் பாரித்து, நான் பாலத்திலிருந்து பார்த்த கடலாகிவிட்டது.

முதலாளி அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“இது மௌத்துத் துணி இல்ல போலருக்கே” என்றார்.

எல்லாரும் உட்கார்ந்து ஈரத் துணியால் ஒற்றி ஒற்றிக் கிளிகளை உரித்தோம். முதலாளியும் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். மைமூன் கதவருகில் இருந்தபடியே பசை காய்ச்சிக் கொடுத்தாள். கருப்பையா மட்டும் படியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவரிடம் யாரும் எதுவும் சொல்லவும் இல்லை. எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்பதால் சொல்லத் தேவையில்லை என்று நினைத்துவிட்டோம். அது தப்பு. பழி சொல்லும்போது வாய் திறந்துதானே சொன்னோம்.

முதலாளிக்கு அது தோன்றியிருக்க வேண்டும். பாதியில் எழுந்து படிக்குப் போனார். கருப்பையாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கீழே வைத்த கலயம் அங்கேயே இருந்தது.

“அந்தத் தண்ணியக் குடுப்பா.”

கருப்பையா அவரை நிமிர்ந்து பார்த்தார். கலயத்தை எடுத்துக் கொடுத்தார். முதலாளி அண்ணாந்து குடித்தார். பாதிக் கலயம் காலியானது. வாயைத் துடைத்துக்கொண்டார்.

“இனிக்குது. சீனி கீனி போட்டியா?”

கருப்பையா கலயத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“எறங்கி மோந்த தண்ணி மொதலாளி. அப்படித்தான் இருக்கும்.”

“நான் பேசுனது தப்புப்பா. எல்லாரு முன்னாலயும் பேசுனேன். எல்லாரு முன்னாலயும் சொல்றேன்.”

“சரி, விடுங்க. சிட்டத்தை எடுத்து வண்டியில ஏத்தச் சொல்லுங்க. வெயிலு சாயுது, நான் போறேன்.”

அவர் வண்டியில் நூல் ஏறியது. நான் கிட்டங்கிச் சுவரில் சாய்ந்துகொண்டேன். மைமூன், “என்ன டிசைன்காரரே, சொவரைப் புடிச்சுட்டு நிக்கிறீங்க?” என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொன்னேன். சாயங்காலம் லாரி வந்தது. சிப்பங்கள் ஏறின. லாரி தெருமுனை திரும்பிய பிறகும் நான் அப்படியே நின்றிருந்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் கிட்டங்கியில் புதுப் படம் எது வந்தாலும், எல்லாக் கைலிகளின் மேலும் வைத்துப் பார்த்துத்தான் ஜோடி சேர்த்தோம். ஒரு கைலியைப் படத்தோடு வெளியே வைப்போம், ஒன்றைப் படம் இல்லாமல் உள்ளே அனுப்புவோம். இரண்டு பக்கமும் ஒரே பேச்சு வந்தால்தான் பசை காய்ச்சுவோம். டிசைன்காரனையும் கேட்கிற வழக்கம் அன்றைக்குத்தான் வந்தது. இன்றைக்கு உங்களைக் கேட்கிறார்கள் என்றால் அதன் தொடக்கம் இதுதான். கொழும்பிலிருந்து கிளிக் கைலி கேட்டுக் கடிதம் வந்தபோது, தலை வைத்துப் படுக்கச் சாம்பல் அடுக்கு இல்லை என்று சிப்பம் கட்டுகிறவர்கள் என்னைக் குறை சொன்னார்கள்.

ஒரு துணி செத்துத் தெரிந்தால் சாயக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் அதன் மேல் என்ன இருக்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொன்றாகக் கையால் மூடிப் பாருங்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான்.

நான் வேலையிலிருந்து நின்ற அன்று, சொல்லிக்கொண்டு போவதற்காக அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றேன். “வாரேம்மா” என்று மட்டும் சொன்னேன்.

“டிசைன்காரரே, ஒண்ணு கேக்கணும். அந்தக் கிளி பாக்க எப்படித்தான் இருந்துச்சு? மைமூன் சொல்லுவா, அவரு சொல்லுவாரு. ஒருத்தர் சொல்றது மாதிரி இன்னொருத்தர் சொல்றதில்ல.”

கதவு நிலையில் பசைத் தடம் ஒன்று இன்னும் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த மூக்கின் சிவப்பை எப்படிச் சொல்வது?

“கதவுல இருந்தப்ப ஒரு மாதிரி இருந்துச்சும்மா. சாம்பக் கைலி மேல வச்ச பொறகுதான் நல்லா இருந்துச்சு.”

உள்ளே சிரிப்புக் கேட்டது.

“இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் ஒரு பதில் முழுசா வந்திருக்கு” என்றார்.

கீழக்கரை,
1968, தை மாதம் ஆறாம் தேதி.